கணுவில் மூன்று இலை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல், பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடி. உருகுவே 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வீட்டுக்கு ஆறு என்று வகுத்துவிட்டது. (இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமமில்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான்.) இந்தச் சட்டங்கள் சரியா தவறா என்பது தனி விவாதம். தாவரவியலைப் பொறுத்தவரை அவற்றுக்கு எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. நாருக்காகக் கஞ்சா பயிரிடும் உழவர் செடிகளை நெருக்கி விதைப்பார். தனிச்செடி ஒன்றின் முன் நின்று கணுக்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். மூன்றே செடி வைத்திருப்பவருக்கு அதுதான் வேலை. அதனால் இதுவரை யாரும் பொருட்படுத்தாத விந்தைகள் எல்லாம் கண்ணில் படுகின்றன: கணுவுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று இலை, நாடாபோல் தட்டையான தண்டு, இலைக்காம்பின் முனையிலேயே முளைக்கும் மொட்டு, ஐந்து விரல் விரிய வேண்டிய இடத்தில் பல்லில்லாத ஒற்றை இலை. பார்த்தவர் உடனே வருகிற முடிவு, இது மரபணு மாற்றம், ஒரு புதிய ரகம் பிறந்துவிட்டது என்பது. அந்த முடிவுக்கு விந்தையான உருவம் மட்டும் போதிய சான்று ஆகாது. இவற்றில் பெரும்பாலானவை, எல்லாச் செடியிலும் இயங்குகிற அதே விதி சற்று மாறிய நிலைமையில் இயங்கியதன் விளைவு. விதிவிலக்குகளும் உண்டு; எது விதிவிலக்கு என்பதைத் தோற்றம் சொல்லாது, சந்ததிதான் சொல்லும்.

முதலில் இயல்பு எது என்று பார்க்க வேண்டும். விதையிலிருந்து வரும் கஞ்சாச் செடியில் இரண்டு விதையிலைகள். அடுத்த இணை இலைகளில் ஒவ்வொன்றிலும் ஒரே சிற்றிலை. அதற்கடுத்த இணைகளில் மூன்று, ஐந்து, ஏழு, சிலவற்றில் ஒன்பதும் அதற்கு மேலும். பூக்கும் பருவம் நெருங்கினால் இந்த எண்ணிக்கை வந்த வழியே இறங்கிக் கடைசியில் மீண்டும் ஒற்றைச் சிற்றிலையில் முடியும். இலைகள் அமையும் முறையும் ஒன்றாகவே இருப்பதில்லை. துளசியிலும் எருக்கிலும் போல, கீழ்க்கணுக்களில் இலைகள் எதிரெதிராக நிற்கும். ஓர் இணைக்கு அடுத்த இணை குறுக்காகத் திரும்பியிருக்கும். மேலே போகப்போக அந்த இணை பிரிந்து, கணுவுக்கு ஓர் இலை என மாறிமாறி அமையும். சூரியகாந்தியும் இப்படித்தான். கிளைகள் இலைக்கோணங்களிலிருந்து வருவதால், இலை எங்கே நிற்கிறதோ அங்கேதான் கிளை. ஆகவே இலையின் இடம் மாறினால் செடியின் கட்டமைப்பே மாறுகிறது. ஒரே செடி, ஒரே மரபணுத் தொகுதி, ஆனால் அடியில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று.

இந்தப் பருவ மாற்றத்தை ரக வேறுபாடாக எடுத்துக்கொள்வது வீட்டு வளர்ப்பாளர் தொடங்கிவைத்த தவறல்ல. அதற்கு மிக மரியாதையான முன்னோடி ஒருவர் இருக்கிறார். லின்னேயஸ் 1753-இல் கஞ்சாவுக்கு ஒரே இனமாகப் பெயரிட்டார். 1785-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இரண்டாவது இனம் ஒன்றை வகுத்தார்: இந்தியக் கஞ்சா. அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டவை, புதுச்சேரியோடு நெடுந்தொடர்பு கொண்டிருந்த இயற்கையியலாளர் சோனெரா இந்தியாவிலிருந்து அனுப்பிய மாதிரிகள். செடி குட்டை, கிளை அதிகம், தண்டு கெட்டி, போதை தருவது என்று பல வேறுபாடுகளை லாமார்க் பட்டியலிட்டார். அவற்றுள் முக்கியமான ஒன்று, இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறிமாறி அமைந்திருப்பது. ஐரோப்பிய நார்க்கஞ்சாவின் உச்சிக்கிளையை ஒடித்துப் பார்த்திருந்தால் அங்கும் அதே மாறிமாறி அமைவுதான் இருந்திருக்கும். இந்தியக் கஞ்சா தனி இனமா, ஒரே இனத்தின் உட்பிரிவா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. 1976-இல் தாவரவியலாளர்கள் ஸ்மாலும் கிரான்குவிஸ்டும் அதை உட்பிரிவாகவே வைத்தார்கள். வழக்கு எப்படித் தீர்ந்தாலும், இலை அமைவை அதில் சாட்சியாக நிறுத்த முடியாது. பரிணாமத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த மனிதரே செடியின் வயதை அதன் குலமாக எடுத்துக்கொண்டார் என்றால், அந்தத் தவறு எவ்வளவு எளிதில் நேரக்கூடியது என்று விளங்கும்.

இலை எங்கே முளைக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? தண்டின் உச்சியில் ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய மேடு ஒன்று இருக்கிறது. நுனி ஆக்குத்திசு என்பார்கள். இலைக்குருத்துகள் அதன் ஓரத்தில் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. 1868-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர், முன்பே இருக்கும் குருத்துகளுக்கு இடையே எங்கே அதிக இடைவெளி உண்டோ அங்கேதான் அடுத்தது பிறக்கிறது என்று கண்டார். கூட்டமில்லாத பேருந்தில் ஏறுகிறவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து எட்டியிருக்கும் இருக்கையைத் தேடிப் போவதுபோல. யாரும் இருக்கை எண் ஒதுக்கவில்லை. ஆனாலும் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. இந்த விதிக்கு இலையோ மரபணுவோகூடத் தேவையில்லை என்பதை 1992-இல் பாரிஸ் இயற்பியலாளர்கள் துவாடியும் கூடேயும் காட்டினார்கள். காந்தத் திரவத் துளிகளை ஒரு வட்டத்தட்டின் நடுவில் சொட்டவிட்டார்கள். துளிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளின. சொட்டும் வேகம் குறைவாக இருந்தபோது ஒவ்வொரு துளியும் முந்தையதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது. வேகத்தைக் கூட்டியதும் சூரியகாந்திப் பூவில் காணும் அதே சுருள் தோன்றியது. இடையில் மாறியது ஓர் எண் மட்டுமே.

உயிருள்ள செடியில் இதற்கு நேரான சோதனை அதற்கும் முன்பே நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ராபர்ட் ஸ்னோ, மேரி ஸ்னோ என்ற தம்பதியர், எதிரிலை அமைவு கொண்ட எபிலோபியம் என்ற செடியின் உச்சியை நுண்ணிய கத்தியால் மூலைவாட்டில் பிளந்தார்கள்; முடிவுகள் 1935-இல் வெளிவந்தன. பிளந்த பாதிகள் இரண்டும் புது உச்சிகளாகத் தேறின. அவற்றில் பல, எதிரிலை அமைவை விட்டுவிட்டுச் சுருள் வரிசையில் இலைவிடத் தொடங்கின. எந்த மரபணுவையும் யாரும் தொடவில்லை. உச்சியின் அளவும் குருத்துகள் இருந்த இடமும்தான் மாறின. குருத்துகளுக்கு இடையிலான விலக்கலுக்குப் பின்னால் உள்ள வேதிப்பொருள் 2000-இல் தெளிவாயிற்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள், ஆக்சின் என்ற ஹார்மோன் ஓட்டத்தைத் தக்காளிக் குருத்தில் ஒரு மருந்தால் தடுத்தபோது, இலையே இல்லாத மொட்டைத் தண்டு வளர்ந்தது. அதன் ஓரத்தில் ஒரு துளி ஆக்சின் வைத்தார்கள். வைத்த இடத்தில் இலை முளைத்தது. ஒவ்வொரு குருத்தும் சுற்றுப்புறத்து ஆக்சினைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் அருகில் இன்னொன்று பிறக்க முடிவதில்லை. ஹோஃப்மைஸ்டர் கண்ட விதியின் உள்வேலை இதுவே.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கணுவுக்கு மூன்று இலை விடும் செடியைப் பார்த்தால் மர்மம் பெரும்பாலும் கரைந்துவிடும். அதன் தொடக்கம் அநேகமாக விதைக்குள்ளேயே இருக்கும். இரண்டுக்குப் பதில் மூன்று விதையிலையோடு வந்த நாற்றாக அது இருந்திருக்கும். கருவின் உச்சி சற்றே அகன்றுபோனால் அதன் ஓரத்தில் மூன்று குருத்துக்கு இடம் கிடைக்கிறது. மூன்று வந்துவிட்டால் அடுத்த மூன்றும் அவற்றின் இடைவெளிகளில் வந்து அமரும். முறை இப்படித் தன்னைத் தானே தொடரும். கருவிலேயே ஆக்சின் ஓட்டம் குழம்பினால் என்ன ஆகும் என்று 1993-இல் கடுகுக் கருக்களில் சோதித்தார்கள்: தனித்தனி விதையிலைகளுக்குப் பதில் உச்சியைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போல ஒன்றாய் ஒட்டிய விதையிலை வளர்ந்தது. அரளியில் கணுவுக்கு மூன்று இலை என்பது பிறவி இயல்பு. அதை யாரும் விந்தை என்பதில்லை. கஞ்சாவில் அது வரும்போது மட்டும் கண் விரிகிறது. மேலும், இப்படிப்பட்ட செடிகள் பல வயதாகும்போது அந்த மூன்றையும் உதறிவிட்டு மற்றச் செடிகளைப் போலக் கணுவுக்கு ஓரிலைக்குத் திரும்பிவிடுகின்றன. புது ரகத்துக்கான அறிகுறி என்றால் அது பாதி வழியில் கழன்றுகொள்ளாது.

இலையின் வடிவத்துக்கு இன்னும் வலுவான சான்று வீட்டு வளர்ப்பாளர்களிடமே இருக்கிறது. பகல் குறுகினால் கஞ்சா பூக்கும். பூத்த செடியை மறுபடி நீண்ட ஒளிக்குக் கொண்டுவந்தால் அது பூப்பதை விட்டு மீண்டும் இலைவிடத் தொடங்கும். ஆனால் முதலில் வரும் இலைகள் விசித்திரமானவை: ஒற்றைச் சிற்றிலை, ஓரத்தில் பல்லில்லை, சில முறுக்கிக்கொண்டு நிற்கும், கிளைகளோ கொத்துக்கொத்தாக நெருங்கி எழும். விவரம் தெரியாதவர் அதை முற்றிலும் வேறு செடி என்றே சொல்வார். சில வாரங்கள் போனால் மூன்று, ஐந்து, ஏழு என்று பழைய ஏணியில் ஏறிவிடும். இங்கே மாறியது விளக்கு எரிந்த நேரம் மட்டும். 2019-இல் இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வும் இந்தப் பருவக் கோட்டை மேலும் மங்கலாக்குகிறது. இலைப்பருவம் என்று நாம் நினைக்கும் நீண்ட பகல் காலத்திலேயே கஞ்சாவின் கணுக்களில் தனிப்பூக்கள் உருவாகிவிடுகின்றன. குறும்பகல் செய்வது, உச்சியில் கிளைக்குமேல் கிளை விட்டுப் பூங்கொத்தை நெருக்குவதைத்தான் என்று அவர்கள் காட்டினார்கள். நாம் பூங்கொத்து என்று சொல்வதே கிளைவிடுதலின் ஒரு வகை என்றாகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உண்மையான மரபணு மாற்றங்களும் இதே உருவங்களைத் தரத்தானே செய்கின்றன? தருகின்றன. மக்காச்சோளத்தில் இலைகள் இருபக்கமும் மாறிமாறி வருவது இயல்பு. ஆனால் எதிரெதிர் இணைகளாக இலைவிடும் ஒரு பிறழ்வுச் செடியை ஜாக்சனும் ஹேக்கும் 1999-இல் விவரித்தார்கள். 2004-இல் அதன் மரபணுவும் பிடிபட்டது. சைட்டோகைனின் என்ற ஹார்மோனுக்குச் செடி காட்டும் துலங்கலோடு தொடர்புடைய மரபணு அது. பழுதானால் நுனி மேடு பெரிதாகிறது, இரண்டு குருத்துக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைக்கிறது. தண்டு பட்டையாவதும் அப்படியே: கோழிக்கொண்டைப் பூவில் அது தலைமுறை தலைமுறையாக விதைவழி வருகிறது, மனிதர் விரும்பித் தேர்ந்தெடுத்துக் காத்த குணம். பெருந்தக்காளியின் பல அறைப் பருமனுக்கும் நுனி மேட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் நேர்ந்த மாற்றம் ஒரு காரணம். கஞ்சாவிலும் சிற்றிலைகள் பிரியாமல் வாத்துக்காலைப் போல ஒட்டி வரும் வகை விதைவழி நிலைத்து வருகிறது. ஆனால் மக்காச்சோளத்தின் அந்த மரபணு எதைச் செய்ததென்று பாருங்கள்: ஸ்னோ தம்பதியர் கத்தியால் மாற்றியதைத்தான், அதாவது உச்சியின் அளவைத்தான், அதுவும் மாற்றியது. மரபணு, காயம், ஒளி, சத்து எதுவாக இருந்தாலும் அதே ஒரு கதவின் வழியாகத்தான் உருவத்துக்குள் நுழைகிறது. வெளியே நிற்கிறவருக்கு உள்ளே போனது யார் என்று தெரியாமல் போவது அதனால்தான். மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது.

இரண்டாவது மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வருவது: அந்தக் கிளையை வெட்டி வைத்தேன், புதுச்செடியிலும் அதே குணம் வந்தது, ஆகவே இது பரம்பரை. கன்று நட்டு வளர்க்கும் பழக்கமுள்ள எவருக்கும் இந்த வாதம் சரியாகத்தான் தோன்றும். ஆனால் வெட்டுத்துண்டு என்பது சந்ததி அல்ல, அதே செடியின் தொடர்ச்சி. அது தாயின் வயதையும் கொண்டுபோகும்; முதிர்ந்த கிளையிலிருந்து எடுத்த துண்டு எதிரிலைப் பருவத்தைத் தாண்டியே தொடங்கும். தாயின் நோயையும் கொண்டுபோகும். 2019-இல் கலிஃபோர்னியக் கஞ்சாச் செடிகளில் ஹாப்ஸ் பயிரின் மறைநிலை வைராய்டு கண்டுபிடிக்கப்பட்டது. (பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ், கஞ்சாவின் நெருங்கிய உறவு.) 256 எழுத்து நீளமுள்ள வட்ட ஆர்என்ஏ அது, அவ்வளவே, ஒரு புரதத்தைக்கூட அது உருவாக்குவதில்லை. ஆனாலும் செடி குறுகி, இலை சிறுத்து, தண்டு எளிதில் முறியக்கூடியதாகி, கிளைகள் பக்கவாட்டில் சாய்கின்றன. ஒரே கத்தரிக்கோலால் அடுத்தடுத்த செடிகளை வெட்டினாலே பரவும். இதைக் குலப்பண்பு என்று நம்பித் துண்டு எடுத்துக் கொடுப்பவர், நோயைத்தான் விநியோகிக்கிறார்.

ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிகளின் வேலை இன்னும் நுட்பமானது. கத்தரியில் சிற்றிலை நோயையும், எள்ளில் பூவெல்லாம் பச்சை இலையாகிவிடும் நோயையும் கண்ட தமிழ்நாட்டு உழவர்களுக்கு இவை புதியவை அல்ல. கஞ்சாவிலும் துடைப்பம்போல் கிளைகள் நெருங்கும் நோயை இவை உண்டாக்குகின்றன. பூச்சிகள் வழியே பரவும் இவற்றில் ஒன்று சுரக்கும் எஸ்ஏபி11 என்ற புரதம், செடியின் டிசிபி வகைப் புரதங்களைச் சிதைக்கிறது என்று 2011-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அந்த ஒரே குடும்பத்துப் புரதங்கள்தான் இலையின் ஓரத்தை வடிவமைப்பதிலும் கோணமொட்டுகளை அடக்கிவைப்பதிலும் பங்கு கொள்கின்றன. அதனால் சுருங்கிய இலையும் மிகைக்கிளையும் சேர்ந்தே வருகின்றன. இரண்டு விந்தை ஒரே செடியில் கூடினால் அது பெரிய மரபணு மாற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகமும் இத்துடன் போகிறது. பாதி இலை வெள்ளையாக வரும் செடிகளில் பலவும் இப்படியே ஏமாற்றும்: மாற்றம் திசுவின் ஓர் அடுக்கில் மட்டும் இருந்தால் துண்டில் தொடரும், விதையில் வராமல் போகலாம்.

மூன்றிலைச் செடிக்கு ஒன்றரை மடங்கு கிளை, ஆகவே ஒன்றரை மடங்கு விளைச்சல் என்ற கணக்கும் சொல்லப்படுவதுண்டு. கிளையின் எண்ணிக்கை கணுவில் தீர்மானமாகிறது என்பது சரி. கிளை வளருமா என்பது வேறு. நுனி சுரக்கும் ஆக்சின்தான் கீழ்மொட்டுகளை அடக்குகிறது என்று 1930-களில் திமானும் ஸ்கூகும் அவரைச் செடியில் காட்டினார்கள். ஆனால் 2014-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் பட்டாணியில் நுனியைக் கிள்ளிப் பார்த்தபோது, ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டு எழத் தொடங்கியது. நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, கிள்ளியதும் மொட்டுக்குத் திரும்பியதுதான் முதல் அழைப்பு. கிளைகள் பெருகுவதால் சர்க்கரை பெருகுவதில்லை. அதைச் செய்வது இலைப்பரப்பும் வெளிச்சமும். பங்காளிகள் கூடினால் பங்கு சிறுக்கும்.

பரம்பரை அல்லது சூழல் என்று இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதும் சரியாகாது. டச்சு அறிஞர் ஹியூகோ டி விரீஸ், டிப்சாகஸ் என்ற செடியில் தண்டு முறுக்கிக்கொள்ளும் ஒரு வகையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தவர். அந்தக் குணம் விதைவழி வந்தது. ஆனால் எல்லாச் செடியிலும் ஒருபோதும் வரவில்லை. நல்ல உரமும் தாராளமான இடமும் கிடைத்தவற்றில் முறுக்கு அதிகம், நெருக்கி நட்டவற்றில் மிகக் குறைவு. பரம்பரையாக வந்தது முறுக்கே அல்ல, முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு. மூன்று விதையிலைப் பண்பிலும் அவர் இதுபோன்ற அரைகுறைக் குலங்களையே கண்டார். வீட்டுத் தொட்டியில் ஊட்டம் தாராளம், போட்டி இல்லை. வயலில் மறைந்திருக்கக்கூடிய ஒரு சாய்வு அங்கே வெளிப்பட்டுவிடுவதில் வியப்பில்லை. ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பல விதைகள் வேண்டும், வெவ்வேறு நிலைமைகள் வேண்டும்.

விதைச் சோதனையிலும் கஞ்சா ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறது. ஒடுங்கு மரபணுவால் வந்த குணமென்றால் வேறு செடியோடு கலந்த முதல் தலைமுறையில் அது மறைந்துவிடும். தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்தால்தான் உடனே தெரியும். கஞ்சாவிலோ பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. இதற்கு வழி தில்லிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மோகன்ராமும் சேட்டும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளித் தயோசல்பேட்டு இட்ட பெண்செடியில் வளமான மகரந்தம் தரும் ஆண்பூக்கள் தோன்றின. வெள்ளி அயனி எத்திலீன் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுப்பதே காரணம். அந்த மகரந்தத்தை அதே செடியின் பெண்பூவில் சேர்த்துக் கிடைக்கும் விதைகளில் ஒய் குரோமோசோம் இருக்க வழியில்லை, எல்லாம் பெண்ணாகவே முளைக்கும். விந்தைக்குணம் ஒடுங்கு மரபணு ஒன்றால் வந்ததென்றால் அந்த நாற்றுகள் அத்தனையிலும் அது தெரிய வேண்டும்; ஓங்கு மரபணு ஒன்று ஒற்றைப் பிரதியாக இருந்ததென்றால் நான்கில் மூன்றில். வயதோ, வைராய்டோ, விளக்கு நேரமோ காரணமென்றால், வேறு இடத்தில் நட்ட நாற்றுகள் இந்தக் கணக்குகளுக்குக் கட்டுப்படாது.